வெள்ளைச் சதுரம் இல்லாத படம்: எந்த மென்பொருள் யாருக்கு?

சென்னையில் எந்தப் பெரிய சாலையில் பஸ்ஸில் போனாலும் கடைப் பலகைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பலகை முழுக்கச் சிவப்பு, மூலையில் கடையின் லோகோ, அந்த லோகோவைச் சுற்றி மட்டும் துண்டு ஒட்டினாற்போல ஒரு வெள்ளைச் சதுரம். ஃபிளெக்ஸ் அடித்தவரைத் திட்டிப் பயனில்லை. அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஜேபெக் படக் கோப்பு. 'இந்த இடத்தில் ஒன்றுமில்லை, பின்னால் இருப்பதைக் காட்டு' என்று குறித்துவைக்க ஜேபெக்கில் இடமே கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள்தான் அதில் உண்டு. நான்காவதாக 'எவ்வளவு தெரிய வேண்டும்' என்று சொல்லும் எண் சேர்ந்தால்தான் பின்னணி ஊடுருவித் தெரியும். அதற்குப் பெயர் ஆல்ஃபா சேனல். 0 என்றால் முழுக்க மறைவு, 255 என்றால் முழுக்கத் தெரியும், நடுவில் எந்த எண்ணும் வரலாம். 1970-களின் கடைசியில் நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் எட் கேட்மலும் ஆல்வி ரே ஸ்மித்தும் சேர்ந்து உருவாக்கியது இது. 1996-இல் வந்த பி.என்.ஜி. என்ற படக் கோப்பு வகை அதை எல்லார் கைக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

சரி, படத்தின் பின்னணியை வெட்டி நீக்கும் இந்த வேலையை எந்த சாஃப்ட்வேரில் செய்வது? மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்தபடியே கவரிங் நகையும் சேலையும் விற்கும் என் சித்தி மகள் கேட்டது இது:

"அண்ணா, ஃபோட்டோஷாப்புக்கு மாசாமாசம் பணம் கட்டலாமா? இல்ல சும்மா கிடைக்கறதே போதுமா?"

"மொதல்ல எதை எல்லாம் வெட்டணும்னு சொல்லு."

கடை லோகோ, பில்லில் போடக் கையெழுத்து, ஜிமிக்கி வளையல் ஆரம், ஆர்கன்சா சேலை கட்டி நிற்கும் பெண்ணின் படம் என்று அடுக்கினாள். கையில் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள ஒரு லேப்டாப், ஒரு ஆண்ட்ராய்டு போன். சிறு வியாபாரம் செய்கிற பலருடைய நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான் என்பதால் அவள் பட்டியலை வைத்துக்கொண்டே ஒப்பிடுகிறேன்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருளின் பெயரை வைத்து முடிவு செய்தால் பணமும் நேரமும் வீண். வெட்ட வேண்டிய பொருளின் ஓரம் எப்படி இருக்கிறது என்பதுதான் முடிவு செய்ய வேண்டும். லோகோவின் ஓரம் கத்தி வெட்டு மாதிரி நேர். வளையலின் ஓரம் நேர்தான், ஆனால் நடுவில் ஓட்டை. தலைமுடிக்கு ஓரம் என்று ஒன்றே இல்லை. ஆர்கன்சாவில் ஓரம் மட்டுமா, துணி முழுக்கவே பாதி தெரிவதும் பாதி மறைவதுமாக இருக்கும். இந்த நாலும் நாலு வேலை. ஒரே பட்டனில் நாலும் ஆகும் என்று விளம்பரம் வந்தால் நம்ப வேண்டாம்.

வெட்டுவதற்கு முன்னால்

இரண்டு ஏமாற்றங்களைத் தாண்டிவிட்டு வேலைக்குப் போவோம். 'இங்கே பின்னணி இல்லை' என்பதை மென்பொருள்கள் சாம்பலும் வெள்ளையுமான கட்டங்களால்தான் காட்டும். ஆனால் கூகுள் படத் தேடலில் அப்படிக் கட்டம் போட்ட பின்னணியோடு வருகிற படங்களில் பல போலி. அந்தக் கட்டமே படத்தின் பகுதியாக வரையப்பட்டிருக்கும். திறந்து பார்த்தால் விநாயகர் படத்துக்குப் பின்னால் சதுரங்கப் பலகை அப்படியே நிற்கும். தேடல் பக்கத்தில் சின்னதாகத் தெரியும்போதே கட்டம் இருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான பி.என்.ஜி. பெரும்பாலும் அந்தச் சின்ன அளவில் வெற்றுப் பின்னணியோடுதான் தெரியும், திறந்த பிறகே கட்டம் வரும். அடுத்தது, ஜேபெக் கோப்பின் பெயரில் கடைசி மூன்றெழுத்தை மட்டும் மாற்றி பி.என்.ஜி. ஆக்குவது. பெயர் மாறும், நான்காவது எண் வந்து சேராது.

வாட்ஸ்அப்பில் நாலு பேர் கை மாறி வந்த படத்தையும் வெட்டாதீர்கள். ஜேபெக் படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஓரங்களைச் சுற்றி அழுக்குப் போலப் புள்ளிகள் சேரும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிற பின்னணி, மென்பொருளுக்கு ஆயிரம் வகை வெளிர்சாம்பலாகத் தெரியும். எடுத்தவரிடம் மூலப் படத்தையே கேட்டு வாங்குங்கள், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி.

லோகோ, கையெழுத்து

லோகோவுக்குப் பின்னணி நீக்குவதே எனக்கு உடன்பாடில்லை. லோகோ என்பது விசிட்டிங் கார்டில் ஒரு விரற்கடை அகலத்திலும் நிற்க வேண்டும், பத்தடி பேனரிலும் நிற்க வேண்டும். புள்ளிகளால் ஆன படத்தை எவ்வளவு நேர்த்தியாக வெட்டினாலும் பேனரில் படிக்கட்டு தெரியும். இங்க்ஸ்கேப் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் லோகோவைத் திறந்து, 'பாத்' மெனுவில் உள்ள 'டிரேஸ் பிட்மேப்' கொடுத்தால் புள்ளிகள் கோடுகளாகும். இரண்டு மூன்று நிறமே உள்ள லோகோவுக்கு இது பிரமாதம். தமிழ் எழுத்து இருந்தால் மட்டும் 'ழ', 'ண' வளைவுகள் கொழகொழத்து வரும், அவற்றை அழித்துவிட்டு அதே எழுத்துருவில் திரும்ப அடிப்பது நல்லது. கோடாக மாறியதை எஸ்.வி.ஜி. அல்லது பி.டி.எஃப். ஆகக் கொடுத்தால் கோரல் டிரா வைத்திருக்கும் எந்தப் பிரின்டிங் கடையிலும் திறந்துகொள்வார்கள். பின்னணி என்கிற பேச்சே வராது.

வேறு வழியில்லை, கையில் இருப்பது வெள்ளைத்தாளில் அச்சான லோகோவின் ஸ்கேன் மட்டும்தான் என்றால், அல்லது கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப் என்றால், ஜிம்ப்தான். 1996 முதல் இருக்கிற இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2025-இல் வந்த 3.0 பதிப்புக்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். பழைய கணினியில் விண்டோஸ் 7 என்றால் 2.10 பதிப்போடு நிற்க வேண்டியதுதான்.

ஜிம்பில் 'கலர் டு ஆல்ஃபா' என்று ஒன்று உண்டு. அது என்ன செய்கிறது என்பதை ஒரே ஒரு புள்ளியை வைத்துப் பார்த்தால் போதும். மெரூன் எழுத்து, எண்ணில் (128, 0, 0). பின்னால் வெள்ளை (255, 255, 255). எழுத்தின் விளிம்பில் இருக்கும் புள்ளி பாதி மெரூன், பாதி வெள்ளை கலந்து (192, 128, 128) என்று ஒரு இளஞ்சிவப்பாக நிற்கும். தொட்ட நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் மேஜிக் வாண்ட் என்ற கருவியால் வெள்ளையைத் தேர்ந்து அழித்தால் இந்தப் புள்ளி வெள்ளை இல்லை என்பதால் தப்பித்துக்கொள்ளும். பிறகு அந்த எழுத்தைக் கரும்பச்சைப் பலகையில் வைத்தால், சுற்றிலும் வெளிறிய கோடு. ஊரெல்லாம் பார்க்கிற அந்த 'வெட்டு ஒட்டு' தோற்றம் வருவது இதனால்தான். கலர் டு ஆல்ஃபா அழிக்காது, கணக்குப் போடும். இந்த இளஞ்சிவப்பு எந்த நிறத்தோடு வெள்ளை கலந்தால் வரும் என்று பின்னோக்கிப் போய், மீண்டும் (128, 0, 0) என்றே ஆக்கி, ஆல்ஃபாவைப் பாதியாக வைத்துவிடும். பலகை எந்த நிறமானாலும் விளிம்பு அதோடு கலக்கும். கறுப்பு மையில் போட்ட கையெழுத்துக்கும் ஊதா ஸ்டாம்புக்கும் இதைவிடச் சுத்தமான வழி வேறு எதிலும் பார்த்ததில்லை. ஸ்கேனில் தாள் லேசாக மஞ்சளடித்திருந்தால் முதலில் 'லெவல்ஸ்' போய் வெள்ளையை வெள்ளையாக்கிவிட்டுச் செய்யுங்கள்.

ஃபோட்டோஷாப்பில் இதே பெயரில் கட்டளை கிடையாது. ஒளிச் சேனலைத் தேர்வாக ஏற்றி, தலைகீழாக்கி, நிறம் நிரப்பி என்று சுற்றிவளைத்து வரலாம். பணம் கட்டியவர்கள் இந்த ஒரு இடத்தில் ஜிம்பைப் பார்த்துப் பொறாமைப்படலாம்.

கையெழுத்து விஷயத்தில் கண்டிப்பாக ஒன்று. பின்னணி நீக்கித் தரும் இணையதளங்களில் அதை ஏற்றாதீர்கள். செக்கில் போடும் அதே கையெழுத்து, பின்னணி நீங்கி எந்தத் தாளில் வேண்டுமானாலும் ஒட்டத் தயாராக, முன்பின் தெரியாத ஒரு சர்வரில் போய் உட்காரும். சொந்தக் கணினியிலேயே முடிகிற வேலை இது. அந்த நல்ல பி.என்.ஜி. கோப்பையும் எல்லாரும் தொடும் கணினியில் திறந்த போல்டரில் வைக்க வேண்டாம்.

நகை

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கையெழுத்துக்கு அற்புதமாக வந்த கலர் டு ஆல்ஃபாவை அப்படியே நகைக்கும் போடுவார்கள். அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பொன் நிறம் ஏறத்தாழ (212, 175, 55). வெள்ளையைக் கழித்தால் ஆல்ஃபா 78 விழுக்காடுதான் நிற்கும், அதாவது தங்கத்துக்குள் பின்னணி ஐந்தில் ஒரு பங்கு தெரியும். அதைவிட மோசம் பளபளப்பு. ஜிமிக்கியின் குமிழில் விளக்கொளி பட்டு மின்னும் புள்ளி (255, 250, 220) என்று வைத்தால், மிஞ்சுவது வெறும் 14 விழுக்காடு. நகையில் வாங்குபவர் கண் போய் நிற்கும் அந்த மினுக்கே ஓட்டையாகிவிடும். பச்சைப் பின்னணியில் வைத்தால் தங்கம் பாசி பிடித்த மாதிரி இருக்கும்.

ஆகவே நகைக்கு வேறு கருவி. தேர்வுகள் மூன்று: ஒரே சொடுக்கில் வெட்டும் தளங்கள், மேஜிக் வாண்ட், பென் டூல் எனப்படும் பாத்.

ஒரே சொடுக்கு வகையில் எல்லாருக்கும் தெரிந்தது ரிமூவ் டாட் பிஜி. 2018 கடைசியில் வந்தது. 2021-இல் கேன்வா என்ற டிசைன் தளம் அதை வாங்கிக்கொண்டது. கேன்வாவிலும் பேக்ரவுண்ட் ரிமூவர் இருக்கிறது, ஆனால் அது பணம் கட்டும் திட்டத்துக்குள். பின்னணி இல்லாமல் பி.என்.ஜி. இறக்குவதும் அப்படியே. ரிமூவ் டாட் பிஜி இலவசமாகத் தருவது கால் மெகாபிக்சல், சுமார் 625×400 புள்ளி. அச்சுக்குத் தேவையான 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்தைக் கொஞ்சம் தாண்டும், உயரம் மூன்றரை சென்டிமீட்டரைத் தொடாது. விசிட்டிங் கார்டின் பாதிப் பரப்புக்கே பற்றாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குச் சரி, கேட்டலாக் அச்சடிக்க உதவாது.

அளவுகூடப் பரவாயில்லை, பணம் கட்டினால் பெரிதாகக் கிடைக்கும். நகையில் இந்தத் தானியங்கி வெட்டு சறுக்குவது ஓட்டைகளில். வளையலின் நடுவட்டம், ஜிமிக்கிக் கம்பிக்கும் காதுக்கும் இடையிலுள்ள சந்து, மாட்டல் சங்கிலியின் வளைவுக்குள் அடைபட்ட இடம், காசு மாலையில் காசுக்கும் காசுக்கும் நடுவில் உள்ள இடுக்கு. வெளி விளிம்பை அழகாக வெட்டிவிட்டு உள்ளே பழைய மேஜைத் துணியை விட்டுவைக்கும். தொங்கும் முத்து ஒன்றிரண்டு பின்னணியோடு சேர்ந்து காணாமலும் போகும். கெம்புக் கல் பதித்த பதக்கத்தில் முத்து குறைந்தால், 'படத்தில் இருந்தது வேற, வந்தது வேற' என்று வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

மேஜிக் வாண்ட் பழைய கருவிதான், ஆனால் ஒரே நிறப் பின்னணியில் எடுத்த படத்துக்கு இன்னும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஜிம்பில் அதன் பெயர் ஃபஸி செலக்ட். தொட்ட இடத்தோடு ஒட்டியிருப்பதை மட்டுமே அது பிடிக்கும், வளையலுக்குள் இருப்பதை விட்டுவிடும். ஜிம்பில் பக்கத்திலேயே உள்ள 'செலக்ட் பை கலர்' எடுத்தால் படம் முழுக்க அந்த நிறம் எங்கிருந்தாலும் பிடித்துவிடும். ஃபோட்டோஷாப்பில் 'கன்டிகுவஸ்' டிக்கை எடுத்துவிட்டால் அதே பலன். விண்டோஸில் மட்டும் ஓடும் பெயின்ட் டாட் நெட்டில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு தொட வேண்டும். பின்னணி தேர்வானதும் அந்தத் தேர்வை நகையின் பக்கமாக ஒரு புள்ளி விரித்துவிட்டு அழித்தால் விளிம்பில் வெளிறிய கோடு பெரும்பாலும் போய்விடும்.

ஜிம்பில் டிலீட் அழுத்தினால் கட்டம் வராமல் வெள்ளையோ வேறு நிறமோ வந்து நிரம்புகிறதா? படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள்களுக்கு லேயர் என்று பெயர். லேயர் பட்டியலில் பெயர் தடித்த எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த லேயருக்கு ஆல்ஃபா இல்லை. 'லேயர்' மெனு, 'டிரான்ஸ்பரன்சி', 'ஆட் ஆல்ஃபா சேனல்'. ஃபோட்டோஷாப்பில் இதற்கு இணை, பூட்டு போட்ட 'பேக்ரவுண்ட்' லேயரை இரட்டைச் சொடுக்கி சாதாரண லேயராக்குவது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் 'இந்த சாஃப்ட்வேர் சரியில்லை' என்று மூடிவைப்பது அநேகமாக இந்த இடத்தில்தான்.

வாண்ட் நன்றாக வேலை செய்வது படம் எடுக்கும்போதே தீர்மானமாகிறது. ஸ்டேஷனரிக் கடையில் சார்ட் பேப்பர் வாங்குங்கள், சாம்பல் நிறத்தில். வெள்ளைச் சார்ட்டில் தங்கத்தின் மினுக்கும் பின்னணியும் ஒன்றாகிவிடும். பச்சையோ நீலமோ போட்டால் பிரிப்பது சுலபம், ஆனால் மெருகேற்றிய உலோகம் கண்ணாடி மாதிரி அந்த நிறத்தை வாங்கிக்கொள்ளும். நகையின் அடிப்பக்கம் பச்சை அடிக்கும், அதை எடுப்பது வெட்டுவதைவிடப் பெரிய வேலை. சாம்பல் பிரதிபலித்தாலும் உலோகத்துக்கு உறுத்தாது. மல்லிகைச் சரம் வைத்து எடுப்பதென்றால் இன்னும் கொஞ்சம் கருத்த சாம்பல். வெள்ளைச் சுவரில் வெள்ளைப் பூவை எடுத்துவிட்டு வந்தால் எந்த மென்பொருளுக்கும் பூ எது சுவர் எது என்று தெரியாது. நேர் வெயில் வேண்டாம். ஜன்னலோரம், காலை நேரம், நிழல் மென்மையாக விழும் வெளிச்சம் போதும். சென்னையில் வெயிலுக்கா பஞ்சம், நிழலுக்குத்தான்.

பென் டூல் கற்கப் பொறுமை வேண்டும். புள்ளி புள்ளியாக வைத்து வளைத்து ஓரத்தைக் கையால் வரைவது. ஆரத்தின் ஒவ்வொரு மாங்காயையும் சுற்றி வர நேரம் பிடிக்கும். ஆனால் விளிம்பு கத்தி வெட்டாக வரும், நாளைக்குத் திருத்தவும் முடியும். ஜிம்பில் 'பாத்ஸ்' என்று இதே கருவி இலவசமாக இருக்கிறது. பத்து நகை என்றால் பாத், நூறு நகை என்றால் சாம்பல் சார்ட்டும் வாண்டும் என்பது என் கணக்கு.

முடியும் ஆர்கன்சாவும்

நேர்மையாகச் சொன்னால் ஃபோட்டோஷாப் தன் சந்தாவை நியாயப்படுத்தும் இடம் இது. 'செலக்ட் சப்ஜெக்ட்' கொடுத்துவிட்டு 'செலக்ட் அண்ட் மாஸ்க்' உள்ளே போய், ரிஃபைன் எட்ஜ் பிரஷ்ஷால் கூந்தல் ஓரத்தைத் தடவினால் பறக்கும் இழைகள் தனித்தனியாக வரும். இழைகளில் ஒட்டியிருக்கும் பழைய பின்னணி நிறத்தை 'டீகன்டாமினேட் கலர்ஸ்' கழுவிவிடும். ஜிம்பில் 'ஃபோர்கிரவுண்ட் செலக்ட்' இருக்கிறது, பின்னிய ஜடைக்கு ஒப்பேற்றும், விரித்த கூந்தலுக்குப் பாதி இழை போய்விடும். உலாவியிலேயே ஓடும் ஃபோட்டோபீ அதற்கும் இதற்கும் நடுவில்.

எதில் செய்தாலும் அழிப்பான் எடுக்காதீர்கள், லேயர் மாஸ்க் போடுங்கள். மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், சாம்பல் பாதி காட்டும். படத்தில் ஒரு புள்ளியும் உண்மையில் அழிவதில்லை. காதோர முடி கூடுதலாக வெட்டுப்பட்டதா, வெள்ளை பிரஷ் எடுத்துத் தடவினால் திரும்பி வரும்.

இப்போது ஆர்கன்சா. முந்தானைக்குப் பின்னால் ஜன்னல் கம்பி தெரிகிறது என்று வையுங்கள். துணியை ஓரத்தோடு வெட்டி வேறு பின்னணியில் ஒட்டினாலும் அந்தக் கம்பி துணிக்குள் கூடவே வரும். மாஸ்க்கில் முந்தானைப் பகுதியைச் சாம்பலாக்கி 'பாதி தெரியும்' ஆக்கலாம், ஆனால் பழைய பின்னணி வெறுஞ்சுவராக இருந்தால்தான் அது கண்ணை ஏமாற்றும். சித்தி மகளிடம் நான் சொன்னது: ஆர்கன்சா, நெட், டிஷ்யூ இந்த வகைச் சேலைகளை வெட்டவே வெட்டாதே. நீ காட்ட விரும்பும் நிறத்தில் ஒரு துணியைச் சுவரில் தொங்கவிட்டு அதன் முன்னால் நிறுத்திப் படம் எடு. பட்டுச் சேலைக்கு இந்தத் தொல்லை இல்லை, தாராளமாக வெட்டலாம்.

சந்தா கட்டுவதா வேண்டாமா

வாரத்துக்கு ஒன்றிரண்டு கூந்தல் படம் என்றால் ஃபோட்டோஷாப் சந்தா கட்டுபடியாகாது. தினமும் மாடல் படங்கள் வருகிறதென்றால் யோசிக்கலாம், ஆனால் ஃபோட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி சொல்லும் குறைந்தபட்ச ராமே 8 ஜிபி, பரிந்துரைப்பது 16. அவள் லேப்டாப்பில் ஓடும், பக்கத்தில் குரோமும் திறந்திருந்தால் மூச்சு வாங்கும். லேப்டாப் விற்கும்போதே 'எல்லா சாஃப்ட்வேரும் போட்டுத் தரேன்' என்று கிராக் பதிப்பை ஏற்றித் தருவது நம் ஊரில் சகஜம். வியாபாரக் கணக்கும் வங்கி பாஸ்வேர்டும் இருக்கிற கணினியில், யார் என்ன சேர்த்து அனுப்பினார்கள் என்று தெரியாத ஒன்றை ஓடவிடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

ஃபோட்டோஷாப் கற்ற கை, கணினியில் ஃபோட்டோஷாப் இல்லை என்றால் ஃபோட்டோபீ. இவான் குட்ஸ்கிர் என்பவர் உருவாக்கியது, 2013-இலிருந்து இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் சொந்தக் கோப்பு வகையான பி.எஸ்.டி.யைத் திறக்கும், மாஸ்க், பாத், வாண்ட் எல்லாம் பழக்கமான இடத்திலேயே இருக்கும். இணையத்தில் திறந்தாலும் கோப்பு உங்கள் கணினியிலேயேதான் இருக்கும், வெட்டும் வேலை உலாவிக்குள் நடக்கும். ஓரத்தில் விளம்பரம் ஓடும், அதுதான் விலை. பெரிய பேனர் கோப்புகளில் உலாவி திணறும்.

பெயின்ட் டாட் நெட் எளிது, வேகம், பழைய கணினியிலும் சுறுசுறுப்பு. ஓரத்தை மென்மையாக்க மட்டும் தனியாக ப்ளக்-இன் தேட வேண்டும். விண்டோஸ் 11-இல் சாதாரண பெயின்ட்டுக்கே 2023-இல் பின்னணி நீக்கும் பட்டனும் லேயரும் வந்துவிட்டன. அவசரத்துக்கு அது போதும், ஓரத்தைத் திருத்த வழி குறைவு. வேர்டிலும் பவர்பாயின்டிலும் 'ரிமூவ் பேக்ரவுண்ட்' இருப்பது பலருக்குத் தெரியாது. வெட்டியபின் பவர்பாயின்டில் படத்தின் மேல் வலது சொடுக்கி, 'சேவ் ஆஸ் பிக்சர்' கொடுத்தால் பி.என்.ஜி. ஆகவே சேமித்துக்கொள்ளலாம். பள்ளி புராஜெக்டுக்குப் படம் வெட்டும் பெற்றோர்கள் வேறெதையும் நிறுவ வேண்டியதில்லை.

போனில் வெட்டுவது ஸ்டிக்கருக்கும் ஸ்டேட்டஸுக்கும். ஐபோனில் 2022-இல் வந்த ஐ.ஓ.எஸ். 16 முதல் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே ஆள் தனியாகக் கழன்று வருவார். சாம்சங் கேலரியிலும் இதே மாதிரி உண்டு. வாட்ஸ்அப் ஸ்டிக்கருக்குத் தேவை 512×512 புள்ளி, 100 கேபிக்குள் ஒரு வெப்பி (WebP) வகைப் படக் கோப்பு. அந்தச் சின்ன அளவில் போன் வெட்டின் குறைகள் கண்ணில் படாது.

அவளுக்கு நான் சொன்ன முடிவு: ஜிம்பை நிறுவு, ஃபோட்டோபீயை புக்மார்க் செய், சாம்பல் சார்ட் ரெண்டு வாங்கு. சந்தா எதுவும் வேண்டாம். "கூந்தல் படம் வந்தா?" என்றாள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எங்கே போகப் போகிறது

வெட்டுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் சில படங்களை வெட்டியே இருக்க வேண்டாம். அமேசானில் முதல் படத்துக்கு வேண்டியது தூய வெள்ளைப் பின்னணி, மூன்று எண்ணும் 255. அங்கே ஆல்ஃபா வைத்து என்ன செய்வது? வெட்டிய பொருளுக்குக் கீழே வெள்ளை லேயர் ஒன்றை வைத்து ஜேபெக்காகவே கொடுத்துவிடலாம். கோப்பும் சிறியதாக இருக்கும்.

சொந்த இணையதளம் இருந்தால் வெப்பி. பி.என்.ஜி. எதையும் இழக்காமல் சேமிப்பதால் புகைப்படங்களுக்கு எடை ஏறிவிடும். வெப்பி ஆல்ஃபாவையும் வைத்துக்கொண்டு எடையையும் குறைக்கும். 2020-இல் சஃபாரியும் ஏற்றுக்கொண்ட பிறகு திறக்காத உலாவி இல்லை என்றே சொல்லலாம். ஜிஃப் வேண்டவே வேண்டாம். அதில் ஒரு புள்ளி தெரியும் அல்லது தெரியாது, நடுநிலை கிடையாது. மொத்த நிறமே 256-தான். விளிம்பு ரம்பப் பல்லாகும்.

அச்சுக்குப் போகிறது என்றால் பி.என்.ஜி. சிக்கல் கொடுக்கலாம், ஏனென்றால் அச்சு மைகளுக்கான சி.எம்.ஒய்.கே. நிறமுறை அதில் கிடையாது. திரையில் பார்த்த கிளிப்பச்சை அச்சில் மங்கும். திருவல்லிக்கேணி அச்சகமோ உங்கள் தெருமுனை ஃபிளெக்ஸ் கடையோ, டிசைன் போடுபவரிடம் 'எந்த ஃபார்மட்டில் வேணும்' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் பி.எஸ்.டி. அல்லது பி.டி.எஃப். என்பார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கேலரிப் படமாக அனுப்ப வேண்டாம், டாக்குமென்டாக அனுப்புங்கள். கேலரி வழியாகப் போனால் வழியிலேயே ஜேபெக்காகி, இவ்வளவு பாடுபட்டு நீக்கிய இடத்தில் மறுபடியும் ஒரு நிறம் வந்து உட்காரும்.

அனுப்புவதற்கு முன், வெட்டிய படத்துக்குக் கீழே ஒரு கறுப்பு லேயர் வைத்துப் பாருங்கள், பிறகு அடர் சிவப்பு, பிறகு வெள்ளை. சாம்பல் கட்டத்தின் மேல் தெரியாத வெளிறிய கோடு, அழிக்க விட்டுப்போன ஒற்றைப் புள்ளி, வளையலுக்குள் மிச்சமிருக்கும் துணி எல்லாம் கறுப்பில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இனி அந்தக் கூந்தல் படம். மாதத்துக்கு நாலைந்து வந்தால், வெட்டிக் கொடுப்பவரிடம் கூலிக்குக் கொடுப்பதே லாபம். டிசைனர்கள் படத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வார்கள், ஒற்றை ஆளா, மூன்று பேர் குரூப்பா, முடி விரித்ததா பின்னியதா என்பதைப் பொறுத்து விலை மாறும். எடுத்த மூலக் கோப்பைக் கொடுங்கள். வாங்கும்போது பி.என்.ஜி. ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், மாஸ்க்கோடு பி.எஸ்.டி. கோப்பையும் சேர்த்துக் கேளுங்கள். தீபாவளிக்குச் சிவப்பில் வைத்த பெண்ணைப் பொங்கலுக்கு மஞ்சளில் வைக்கும்போது காதோரம் உறுத்தினால், ஃபோட்டோபீயில் அந்த பி.எஸ்.டி.யைத் திறந்து மாஸ்க்கை நீங்களே இரண்டு தடவு தடவிச் சரிசெய்துகொள்ளலாம். பேசும்போதே கேட்டால் பலரும் கூடுதல் காசு கேட்பதில்லை, வேலை முடிந்த பிறகு கேட்டால் கேட்பார்கள்.